எல்லாவற்றுக்கும் ஏழு

மூன்று நாளாக மீட்டர் ஏழு என்கிறது.
நாலாம் குளத்து நீருக்கு ஏழு.
செம்பனை ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக்
கழிவு வந்து விழும் முதல் குளத்துக்கும் ஏழு.

மிஸ்டர் சியாவுக்கு மகிழ்ச்சி. பாகுஸ், பாகுஸ் என்றார்.
புதன்கிழமை சுற்றுச்சூழல் இலாகா வருகிறதாம்,
இப்படியே வைத்திரு என்றார்,
அந்த எண்ணை நான் வளர்ப்பது போல.

லாபிஸ் டவுனில் காலைச் சந்தை கலைகிற நேரம்.
எடைப்பாலத்தில் குலை லோரிகள் வரிசை.
ஆய்வறை என்பது
ஒரு கழுவுதொட்டி, ஓர் ஏர்கான், அது சொட்டும் வாளி,
நுனியில் கண்ணாடிக் குமிழ் வைத்த ஒரு கோல்.

அந்தக் குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வெங்காயச் சருகு போல மெல்லியது.
உள்ளே அடைத்த கரைசலின் புளிப்பு தெரிந்தது,
வெளியே நிற்கும் நீரின் புளிப்பு தெரியாதது.
தோலின் இருபுறமும் ஹைட்ரஜன் வந்து ஒட்டும்,
ஒருபுறம் கூட, மறுபுறம் குறைய.
அந்த ஏற்றத்தாழ்வுதான் மின்னழுத்தம்.
ஒரு படிக்கு ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட்.
கோலுக்குத் தெரிந்தது அவ்வளவே:
நீ வேறு, நான் வேறு, இவ்வளவு வேறு.
வேறுபாடே இல்லையென்றால் பூஜ்யம்.
பூஜ்யத்தைத் திரை ஏழு என்று எழுதும்.

பத்து மணிக்கு இராயப்பன் வந்தார்,
பூட்ஸில் குளத்துச் சேறு.
"நாலாம் குளம் மூச்சு விடல புனிதா.
குமிழியே காணோம்.
நாத்தமும் மாறிப்போச்சு, ஊசின மோர் மாதிரி."

மேசையில் என் தே ஓ லீமாவ்,
பிளாஸ்டிக் பையில், பாதி குடித்தது.
எலுமிச்சை தூக்கலாகப் போடச் சொல்லி வாங்கியது.
கோலை அதில் விட்டேன்.
செய்யக் கூடாதுதான்.

ஏழு.

இராயப்பன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
குமிழின் அடியில் ஒரு விரிசல்,
குழந்தையின் தலைமுடி அளவு.
உள்ளும் வெளியும் ஒன்றாகிவிட்டால்
ஞானம் என்பார்கள்.
இங்கே அதன் பெயர் பழுது.

தவறு கோலுடையது மட்டுமில்லை.
தினமும் காலையில் அளவுக் கரைசலில் முக்கிச்
சரிபார்க்க வேண்டும்: நாலில் ஒருமுறை, ஏழில் ஒருமுறை.
நாலின் சிவப்புப் புட்டி காலியாகி ஒரு வாரம்.
ஆர்டர் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு
ஏழில் மட்டும் முக்கினேன்.
எல்லாவற்றுக்கும் ஏழு சொல்கிறவனை
ஏழைக் கேட்டுச் சோதித்தேன்.

கையுறைத் தொழிற்சாலையில் ஜமுனா இருக்கிறாள்.
மோட்டார் சைக்கிளில் போய் இரவல் வாங்கிவந்தேன்,
கூடைக்குள் சிவப்புப் புட்டி
ஒவ்வொரு குழியிலும் குதித்தது.
அலமாரியிலிருந்து மாற்றுக் கோல்.
உப்புக் கரைசலில் ஊறியதைக் கழுவி,
துடைக்காமல், டிஷ்யூவால் ஒற்றி எடுத்து
(தேய்த்தால் கண்ணாடிக்கு மின் ஏறும், பொய் சொல்லும்)
நாலில் விட்டேன், நாலு என்றது.
ஏழில் விட்டேன், ஏழு.
எலுமிச்சைக்கு இரண்டே முக்கால்.
அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பதிவேட்டில் மூன்று நாள், மூன்று வரிசை,
என் கையெழுத்தில் ஏழு ஏழாக.
அழிக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்:
கோல் உடைந்தது. சரிபார்க்கவில்லை. புனிதவதி.

இப்போது நாலாம் குளத்து நீர் முகவையில்.
5.3. 5.1. 5.2.
ஏழுக்கும் ஐந்துக்கும் இரண்டுதானே என்பார் சியா.
ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு.
இரண்டு படிக்கு நூறு.
குளத்துக்குக் கீழே ஓடை இருக்கிறது,
ஓடையில் யாரோ தூண்டில் போடுகிறார்கள்.

5.1. 5.0.
எண் நிற்கும்வரை எழுதக் கூடாது.
வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.
பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
5.1.