மீதி அரை ரியால்

ரவுண்டானா பக்கத்து வங்காளி கடையில்
முடிக்கு ஒரு ரியால், தாடியோடு ஒன்றரை.
கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான்.
அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

சொஹார் கேம்ப் மொட்டை மாடியில்தான் சிக்கல்.
தண்ணீர் டேங்க் நிழலில்
கைப்பிடி உடைந்த நாற்காலி,
கழுத்துக்கு ஓட்டை போட்ட பாசுமதிச் சாக்கு,
முகம் பார்க்க செல்போன்.
வெள்ளிதோறும் சீனிராசு முடி வெட்டுகிறான்,
மற்ற ஆறு நாளும் சாரம் கட்டுகிறவன்.
எவ்வளவு என்றால்
'குடுக்கிறதக் குடு மாப்ள' என்பான்.

கொடுக்கிறதை என்றால்?
பிஜு கணக்காக அரை ரியால்.
ஷாகுல் ஹமீது ஒரு மாம்பழ ஜூஸ்.
நேபாளிப் பையன் தில் பகதூர்
முந்நூறு பைசாவும் ஒரு சல்யூட்டும்.
ஃபோர்மேன் ஒன்றும் தருவதில்லை,
மறுநாள் வெயில் படாத பக்கம் வேலை போடுகிறார்.
அதையும் விலையில் சேர்க்கலாம்.

சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு
கூட்டிக் கழிக்கிறேன்.
ஒரு ரியால், ஊரில் இருநூற்றுச் சொச்சம்.
முழுதாகக் கொடுத்தால்
வங்காளி கடை ஏசியும் பிடரியில் போடும் பவுடரும்
எங்கே என்று மனசு கேட்கும்.
பாதி கொடுத்தால், ராத்திரி
அடுத்த கட்டிலில் படுத்திருப்பவன் அவன்தான்.

இருபது நிமிஷமாக வெட்டுகிறான்.
காற்றில் வெறுமே இரண்டு தரம்
முடியில் ஒரு தரம் கத்தரி.
சீப்பைப் படுக்கப் பிடிக்கிறான்.
இடது காதுக்கு மேல் படிக்கட்டு விழப்போகிறது,
பார்க்காமலே தெரிகிறது.
எப்படித் தெரிகிறது என்பது
இந்தக் கேம்பில் யாருக்கும் தெரியாது.
அப்பா என்ன செய்கிறார் என்றவர்களிடம்
பிசினஸ் என்று சொல்லி ஆறு வருஷம் ஆகிறது.

'எங்க பழகுன?' என்றேன்.
'யூட்யூப்ல. ஊர்ல சொல்லித் தொலைச்சிராத மாப்ள,
பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க.
தோப்புவீட்டு ஆளு கத்தரி புடிக்கிறான்னு
தெரிஞ்சா அவ்வளவுதான்.'
சிரித்தான்.
சாக்குக்குள் என் கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

தோப்புவீடுகளில்
எவ்வளவு என்று அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை.
உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலிருந்து விழும்.
விழுந்ததுதான் விலை.
சில நாள் கை தவறி மண்ணில் உருளும்.
பொறுக்குவார். அங்கேயே எண்ணமாட்டார்,
தெருமுனை திரும்பிய பிறகுதான்.

'முடிஞ்சுது' என்று போனை நீட்டினான்.
படிக்கட்டு, நினைத்த இடத்திலேயே.
பேசாமல் எழுந்து போயிருக்கலாம்.
'குடு' என்று சீப்பை வாங்கினேன்.
கத்தரியையும்.
அடுத்து உட்கார்ந்த தில் பகதூரின் தலையில்
நிமிர்த்திக் காட்டினேன்:
மணிக்கட்டு ஆடக்கூடாது, கட்டைவிரல் மட்டும்.
காட்டத்தான் தொடங்கினேன்.
ஒரு பக்கம் முழுக்க முடிந்திருந்தது.

சீனிராசு என் கையையே பார்த்தான்.
'நீ எங்க மாப்ள பழகுன?'
டேங்கில் தண்ணீர் ஏறும் சத்தம்.
'யூட்யூப்' என்றேன்.

ஒரு ரியால் நோட்டை
அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.
ஒரு சாண் இல்லை, ஒரு நூல்கூட இல்லை இடையில்.
பவுடர் போடாவிட்டாலும் வங்காளி விலை.
அவனுக்கு என்ன புரிந்ததோ,
பாக்கெட்டைத் துழாவி
பிஜு தந்த அரை ரியாலை எடுத்து நீட்டினான்:
'சொல்லிக்குடுத்ததுக்குக் கழிச்சுக்க.'

கத்தரி பிடித்து ஒரு காசும் வாங்குவதில்லை
என்றுதான் விமானம் ஏறியது.
வேண்டாம் என்றால் ஏன் என்பான்.
வாங்கினால்
வாங்கினேன்.

மாலை சாயாக்கடையில் அதைத்தான் கொடுத்தேன்.
இரண்டு பரோட்டா, ஒரு சாயா, மீதி நூறு பைசா.
கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்காமல்
பெட்டிக்குள் போட்டார்.
மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு முடி
யாருடையது என்று தெரியவில்லை.