எழுபத்தெட்டு வெள்ளிக்கு இரண்டு நேரம்

கொம்தார் முதல் மாடியில்
எண்பது வெள்ளி என்றார் தியோ.
எழுபத்தைந்துக்குக் கேட்டேன்.
அவர் வாய் திறக்காமல்
கால்குலேட்டரில் எழுபத்தெட்டைத் தட்டி
என் பக்கம் திருப்பினார்.
இரண்டு வெள்ளி வென்ற மிதப்போடு
அங்கேயே கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வட்ட முகத்தில் இரண்டு முள்.
ஆறுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல்,
உள்ளே தீக்குச்சி அடுக்கிய எண்கள்.
கண்ணாடி என்பது பிளாஸ்டிக்.
பட்டை ரப்பர், வியர்த்தால் வழுக்கும்.
பேட்டரி பத்து வருஷம் தாங்குமாம்.
பிறையில் என் வீட்டுக் கடனோ
இன்னும் பதினொன்று.
கடைசி வருஷத்தை
நானே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நாத்தனார் புருஷன் தனசீலனுக்குக்
கறுப்புச் சதுரம்.
நடந்த அடிகளை எண்ணும்.
எழுந்ததும் எழாததுமாக
நீ சரியாகத் தூங்கவில்லை என்று
அவரிடமே புகார் சொல்லும்.
"இந்தக் காலத்துல போய் இதையா வாங்கினே?"
அன்றைக்கு அது சுவரோடு கட்டிப்போட்டபடி
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.
புறப்படும்போது
மணி என்னவென்று என்னிடம்தான் கேட்டார்.

ஆறரைக்குக் கம்பெனி பஸ்.
அந்த வேளையில் மட்டும்
இரண்டு முள்ளும் கீழே சரிந்து
ஜன்னலை அடைத்துக்கொள்ளும்.
எண் தெரியாது.
தெரியவும் வேண்டாம்.
அடைத்திருந்தால் ஆறரை,
செருப்பை மாட்டு.

பாயான் லெப்பாஸ்.
வெள்ளை உடுப்பு, கையுறை, முகமூடி,
மிச்சம் கண்தான்.
சுத்த அறைக்குள் கடிகாரம் ஆகாது.
லாக்கர் இருநூற்றுப் பதினாலில்
என் சாப்பாட்டு டப்பாவின் மேல் கிடந்து
மணிக்கொரு தரம் பீப் என்னும்,
நாளுக்குப் பன்னிரண்டு தரம், யாருக்கும் இல்லாமல்.
மணிக்கட்டில் வெளுத்த வட்டம் மட்டும்
கையுறைக்குள் என்னோடு வேலை பார்க்கும்.

போன புதன்
முள் ஜன்னலை அடைத்திருந்தது,
பஸ் இல்லை.
புருஷனின் ஓட்டை மோட்டாரை எடுத்துக்கொண்டு
பெட்ரோலுக்கு ஒரு தரம் நின்று
பாலத்துக் காற்று ஹெல்மெட்டைத் திருகத் திருக
வாசலுக்கு வந்தால்
மெஷின் ஏழு முப்பத்திரண்டு என்றது.
இல்லை என்று கையை நீட்டினேன்.
சூப்பர்வைசர் ஊய் குனிந்து பார்த்தார்.
முள் ஏழு இருபத்தொன்பது.
கையைச் சாய்த்து முள்ளுக்கடியில் எட்டிப் பார்த்தார்.
எண் ஏழு முப்பது.
"உன்கிட்டயே ரெண்டு மணி இருக்கு,
இதுல நான் எதை நம்புறது?"
வரிசையே சிரித்தது.
ஹஸ்லீனாகூட.
நானும் சிரித்துவிட்டேன்.
ஐம்பது வெள்ளி வருகைப்படி போயிற்று,
கடிகார விலையில் பாதிக்கு மேல்.

ராத்திரி அந்தத் தாளை விரித்தேன்.
கைக்குட்டை அகலம், எட்டு மொழி.
தமிழ் இல்லை. மலாயும் இல்லை.
படம் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன்.
முள் துள்ளித் துள்ளி நகர்ந்தது,
இதோ, இதோ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
எண்ணைத் தாண்டிப் போய்விட்டது.
பின்னால் வராதாம்.
தவறவிட்ட நிமிஷத்துக்குத் திரும்ப வேண்டுமானால்
பன்னிரண்டு மணி நேரமும் சுற்றித்தான் வர வேண்டும்.

அமுக்கிப் பிடித்தேன்.
ஒரு ஷிப்ட் முழுசும்
கட்டைவிரலுக்கடியில் ஓடியது.
பத்து மணித் தே,
ஹஸ்லீனா பங்கு வைக்கும் நாசி லெமாக்,
மூன்று மணிக்கு முதுகில் ஏறும் ஆணி,
ஐந்துக்குப் பிறகு யாரும் யாரோடும் பேசாத நேரம்,
எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிஷம்.
ஓவர்டைம் கிடையாது.

விரலை எடுத்தேன்.
முள் இப்போது எண்ணுக்கு
அரை நிமிஷம் முன்னால்.
இன்னொரு சுற்றுப் போனால் சரியாகிவிடும்.
நாளைக்கு ஐந்தரைக்கு எழ வேண்டும்,
கட்டைவிரலும் வலிக்கிறது.

இருக்கட்டும்.
ஆறரை எனக்கு
அரை நிமிஷம் முன்பே வரட்டும்.
ஊய்க்குச் சொல்லப்போவதில்லை.