காட்டாத சாதனங்கள்

ஷட்டரைப் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தார் முனிரத்தினம்மா.
கட்டைப்பையில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்,
மகனுடையது,
ஒரு கீல் போய் ரப்பர் பேண்டில் நிற்கிறது.
"சத்தம் வருது. ஆனா பிடிக்க மாட்டேங்குது."

பிடிக்க வேண்டியது என்னவென்றால்
சூளகிரிக்கு அந்தப்பக்கம் ஒன்றேகால் ஏக்கர்.
நிலம் எடுப்பதற்கான விசாரணை வீடியோவில் நடந்தது.
பதினேழாவது நிமிடம் ஆபீசர் சொல்கிறார்:
"கிணறு இருக்கு. நானே எட்டிப் பாத்தேன்."
தபாலில் வந்த உத்தரவில் கிணறு இல்லை.
வீடியோவைப் பார்க்கலாம், இறக்க முடியாது.
வெள்ளிக்கிழமையோடு லிங்க் மூடிவிடும்.
அன்றைக்கு வியாழன், மணி எட்டேகால்.

ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக்.
ரெக்கார்டிங்.
ஒரே ஒரு மைக், பச்சை டிக்கோடு.
அது அடுத்தவர் பேசுவதைக் கேட்க.
தான் பேசுவதைத் தானே கேட்க
சவுண்டு கார்டுக்கு இன்னொரு காது உண்டு,
ஸ்டீரியோ மிக்ஸ் என்பார்கள்.
பட்டியலில் அது இல்லை.

வெறும் இடத்தில் வலது கிளிக்.
முடக்கிய சாதனங்களைக் காட்டு.
பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.
இல்லாதது வேறம்மா, காட்டாதது வேறு என்றேன்.
"அதத்தான் நானும் ஆபீசுல சொன்னேன்."

டிக் போட்டேன்.
ஒன்றும் வரவில்லை.

டிரைவரைக் கழற்றினேன்.
லேப்டாப் கம்பெனியின் பழைய டிரைவரைத் தேடிப் போட்டேன்.
ரீஸ்டார்ட்.
வட்டம் சுற்றிக்கொண்டிருக்க
நான் கேட்காமலே சொன்னார்:
நாற்பத்திரண்டு அடி, பாதிவரை கல்கட்டு,
ஐந்து எச்.பி. மோட்டார்,
சர்வீஸ் நம்பர்கூட அவருக்கு மனப்பாடம்.
கரண்டு ஆபீசுக்குத் தெரிகிற கிணறு
ரெவின்யூ ஆபீசுக்குத் தெரியவில்லை.

இந்தமுறை பெயர் வந்துவிட்டது, ஸ்டீரியோ மிக்ஸ்,
சாம்பல் நிறத்தில்.
உயிர்கொடுத்தேன்.
ஆபீசர் பேசினார், பக்கத்துப் பச்சைக்கோடு
ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.
பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத
வாக்காளர் பட்டியல் மாதிரி.

ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு
ஒயர் போடலாம் என்று பார்த்தால்
இரண்டுக்கும் சேர்த்து ஒரே துளை.
கடைசியாக ஒரு சாஃப்ட்வேர் இருந்தது.
நாற்பது சதவீதம் இறங்கும்போது
கரண்டு போய்விட்டது.

ஃபேன் நின்றது. வைஃபை செத்தது.
லேப்டாப்பில் முப்பத்தொரு சதவீதம் பேட்டரி.
சரி, அவர் போனில் ஹாட்ஸ்பாட்,
என் போனில் ரெக்கார்டர்,
நடுவில் ஒரு ஸ்க்ரூ டப்பா,
அதன்மேல் என் போனைச் சாய்த்து வைத்து
ஸ்பீக்கரை முழுக்க ஏற்றினேன்.
மூச்சைக் கூட மெதுவா விடுங்க என்றேன்.

முதல்தடவை கிரானைட் லாரி.
பெங்களூர் ரோடே அதிர்ந்தது.
இரண்டாம்தடவை எனக்குத் தும்மல்.
மூன்றாம்தடவை
இருட்டில் பிசிறில்லாமல் வந்தது ஆபீசர் குரல்:
"கிணறு இருக்கு."
உடனே மேலே எங்கோ பல்லி,
ச்சு ச்சு ச்சு.
"நானே எட்டிப் பாத்தேன்."

ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் இருந்தது, பல்லியோடு.
அதை மட்டும் வெட்டி எடுத்துடலாம்,
அஞ்சு நிமிஷ வேலை என்றேன்.
அவர் காதில் வாங்கவில்லை.
டார்ச் அடித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எந்த மூலையில சொல்லுச்சு?"

ஒன்பது வருஷமாக இந்தக் கடையில் உட்காருகிறேன்,
எனக்குத் திசை தெரியவில்லை.
ஷட்டருக்கடியில் தலையை நீட்டி
கோட்டை மலை எந்தப்பக்கம் என்று பார்த்தார்.
விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார்.
பலன் சொல்லவில்லை.

கோப்புக்குப் பெயர் கேட்டது போன்.
கிணறு என்று அடித்தேன்.