கழித்தல் அரை

ஹூத்தான் மெலிந்தாங் ஆலையில்
எடைப்பாலத்துக் கிராணி நான்.
லோரி செம்பனைக் குலையோடு ஒரு தரம் ஏறும்,
கொட்டிவிட்டு ஒரு தரம்.
பெரியதில் சின்னதைக் கழித்து ரசீது நீட்டுவேன்.

வரிசையில் நிற்கும்போது வடமலை சீட்டியடிப்பான்.
அவனே கட்டிய மெட்டு.
ராகம் கேட்டால் "என்னமோ, பசியாறும் நேரத்துல வருது" என்பான்.
மாயாமாளவகௌளை என்று பிடிபட
எனக்கு மூன்று டிரிப் ஆயிற்று.

டயர் கடை ஆ லியோங்கிடம் கிளாரினெட் உண்டு.
தாளில் இல்லாததை வாசிக்கமாட்டான்.
அதனால்தான் லோரி வராத இரவு இரண்டு மணிக்கு
மெட்டை எழுத்தெழுத்தாகத் தட்டுகிறேன்.
கோடு போடுவது கணினி.

மேஜர் என்றால் ஒரு சொல் போதும்,
மைனர் என்றாலும்.
இந்த ராகத்துக்கு அதனிடம் சொல் இல்லை,
பட்டியல்தான் கொடுக்கவேண்டும்.
எண்ணுவது பூஜ்யத்திலிருந்து; ஸ பூஜ்யம்.
ரி ஒன்று, அதற்கு நேரே கழித்தல் அரை.
த ஐந்து, அதற்கும் கழித்தல் அரை.
மற்ற ஐந்தும் இருந்தபடி.
முதல் இரவு விரல்விட்டு எண்ணிய பழக்கத்தில்
த-வை ஆறு என்று போட்டு
நி-யை இறக்கிவிட்டேன்.

மறுநாள் தலைப்பில் இரண்டு பிளாட், சரியான இடத்தில்.
உள்ளேயோ ஒவ்வொரு ரி-க்கு முன்னும்
ஒரு நேச்சுரல் குறி,
"நீ இறங்கவேண்டாம்" என்று.

வாசலில்தான் சொல்லியாயிற்றே என்று
வெறும் ரி எழுதியிருந்தேன்.
வாசலில் எழுதியது வாசிக்கிறவனுக்கு.
எழுதுகிறவள் ஒவ்வொன்றையும்
முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்.
எழுபத்திரண்டு தடவை கூப்பிட்டேன்.
வெளியே மழை நின்று, பாலத்து விளக்கில் ஈசல்.

கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் ஏற்ற
ஒரே வரி.
பட்டியலும் கூடவே ஏறியது.
இரண்டு ஷார்ப், இரண்டு பிளாட், ஒரே வாசலில்.

ஆ லியோங் கிரீஸ் விரலைத் துடைக்காமலே தொட்டான்.
"ஜெசிந்தா, என்ன இது,
ரெண்டு வீட்டுச் செருப்பு கலந்த மாதிரி" என்றான் மலாயில்.
பிறகு வாசித்தான்.

பழைய டயர் மேல் உட்கார்ந்து
வடமலை கடைசிவரை கேட்டான்.
"மூணாவது வரியில ரி-ய கொஞ்சம் இழுக்கணும்" என்றான்,
சீட்டியில் காட்டினான்.

பூஜ்யமும் இல்லை அது, கழித்தல் அரையும் இல்லை.
ரசீதின் பின்பக்கம்
ஒரு வளைகோடாகப் போட்டு வைத்திருக்கிறேன்.