பத்தொன்பதாம் பக்கம்

"கதைச் சுருக்கம் வேண்டாம்" என்றார் நுக்ஸார்.
"எழுதியவருக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அதுவும் வேண்டாம்.
படித்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது, அது போதும்.
இரண்டு பக்கம். வியாழக்கிழமைக்குள்."

ச்சியாத்துரா மாலைப் பள்ளியில் பதினோரு பேர்.
ஹீட்டர் ஒன்றுதான். அதை ஒட்டிய பெஞ்சு
ரொட்டிக் கடை லாமாராவுக்கு. எனக்குக் கதவோரம்.

கேபிள் கார் ஓட்டுகிறவள் நான்.
ஓட்டுவது என்ன ஓட்டுவது,
கதவைச் சாத்தி, மணியடித்து,
கம்பி இழுத்த இழுப்புக்கு நிற்பது.
மேலே சுரங்கம். கீழே ஊர். நடுவில் ஆறு நிமிடம்.
ஆறாறு நிமிடமாகத்தான் புத்தகத்தைப் படித்தேன்.
ஓரங்களிலெல்லாம்
மாங்கனீஸ் கறுப்பில் என் கட்டைவிரல்.

கதையில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.
ஒருத்தி. ஒரு விருந்தாளி. மேசைமேல் வால்நட்.
பத்தொன்பதாம் பக்கத்தின் கடைசி வரியில்
அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள்.
ஏன் என்று இல்லை.
அதற்கு மேல் நான் புரட்டவில்லை.

வகுப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
வீடு ஒரு சிறை என்றாள் லாமாரா.
மீட்டர் கணக்கெடுக்கும் பையன்
வந்த நாளிலிருந்து முதல்முறையாகக் கை தூக்கி,
"காதலை மறுக்கிறாள்" என்று சொல்லிச் சிவந்துபோனான்.
நுக்ஸார் பலகையில் 'குறியீடு' என்று எழுதி
அடிக்கோடு போட்டார். சாக்பீஸ் உடைந்தது.
என்னைப் பார்த்தார்.
நான் என் ஷூவைப் பார்த்தேன்.

அது ஒரு பிப்ரவரி. மின்சாரம் போய்
ஆற்றுக்கு மேலே நின்றுவிட்டோம்,
நானும் ஜாவுரியும்.
பாறை துளைத்துத் துளைத்துப் பாதிக் காது போன மனிதர்.
கீழே சாலையிலிருந்து யாரோ
இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்கள்.
முதலில் அவர் பெயர்.
பிறகு அவர் தம்பியின் பெயர்.
பிறகு, மேல் சுரங்கம்.
பிறகு அந்தச் சொல்.

"என்ன சொல்றாங்க?" என்றார்.
"சீக்கிரம் கரண்ட் வந்துருமாம்" என்றேன்.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.
"குளிருது" என்றேன்.

நான்கு மணி நேரம்.
சோள ரொட்டியை முழங்கால்மேல் வைத்துப் பிய்த்து
பெரிய பாதியை எனக்குத் தந்தார்.
பேச்சு முழுக்கத் தம்பிதான்.
பாடத் தெரியாது, ஆனாலும் எல்லாக் கல்யாணத்திலும் பாடுவான்.
வசந்தத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குவான்.
ஞாயிற்றுக்கிழமை வருவான்.
எல்லாம் உயிரோடு இருக்கிற வினைச்சொற்கள்.
சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தேன்.
ஓரிடத்தில் நிஜமாகவே சிரித்துவிட்டேன்,
அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இப்போதெல்லாம் ஜாவுரி என் காரில் ஏறுவதில்லை.
மலைப்படி வழியாகப் போகிறார், அந்த முழங்காலோடு.
கோபமா, உயரத்துப் பயமா, நான் கேட்டதில்லை.
படியில் நின்று மூச்சு வாங்கும்போது
சில நாள் என் ஜன்னலைப் பார்ப்பார்.
சில நாள் பார்ப்பதில்லை.

புதன் இரவு எழுத உட்கார்ந்தேன்.
'இந்தக் கதையைப் படித்தபோது நான்' என்று தொடங்கி
அந்த 'நான்' தாண்டிப் பேனா நகரவில்லை.
அடித்தேன். வேறு தாள் எடுத்தேன்.
'அந்தப் பெண் குளிரினால் ஜன்னலைச் சாத்தினாள்
என்பது என் கருத்து' என்று எழுதினேன்.
மலைப்பிரதேசத்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்,
எந்த மாதத்தில் எவ்வளவு என்று
மீதி ஒன்றரைப் பக்கத்தை நிரப்பினேன்.

திங்களன்று தாள் திரும்பி வந்தது. பத்துக்கு நான்கு.
சிவப்பு மையில்:
"கையெழுத்து நன்று. ஆனால் இதில் நீங்கள் எங்கே?"

இன்று காலை முதல் காரில் யாரும் ஏறவில்லை.
கதவைச் சாத்தி, மணியடித்து,
இருபதாம் பக்கத்தைப் புரட்டினேன்.
விருந்தாளி வால்நட் உடைக்கிறார்.
அவள் தேநீர் ஊற்றுகிறாள்.
சர்க்கரை விலையைப் பற்றி ஏதோ பேச்சு.
ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருபத்தொன்றிலும் இல்லை.