நான்காம் மாடியிலிருந்து

ஆன்ட்வெர்ப் மருத்துவமனை.
குழாயை உருவிக்கொண்டு போய்விட்டாள் தாதி.
பதினோரு நாளுக்குப் பிறகு
நானாகவே சிறுநீர் கழித்தேன்.
சிரிக்காதே, ஃபிரேடல்.

இதற்கும் ஒரு கடவுள் வாழ்த்து இருக்கிறதே நம்மிடம்,
கை கழுவி, கதவுக்கு வெளியே நின்று சொல்வது:
ஒரு துளை அடைத்தாலும்
ஒரு துளை கிழிந்தாலும்
உன் முன் நிற்க இயலாது என்று.
நாற்பது வருடம் அதை
டிராமைப் பிடிக்கிற அவசரத்தில்
கோட்டுப் பொத்தானோடு சேர்த்து மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.
இன்று சொல்லுக்கொரு மூச்சு.
'துளை' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது.

பக்கத்துக் கட்டில் இத்ரிஸுக்கு
எபிரேயம் தெரியாது.
அவர் பை இன்னும் கட்டிலோரம்
மஞ்சளாய்த் தொங்குகிறது.
ஆனாலும் நான் முடிக்குமுன் சொல்லிவிட்டார்,
ஆமீன்.

வரும்போது சூப்
இரண்டு டப்பா எடுத்து வா.