ஓடின மணி

பயிற்சியாளர் தந்த நோட்டில் நான்கு கட்டங்கள்:
வாங்கியது, கடந்தது, இழந்தது, கோல்.
புள்ளியியல் இரண்டாம் ஆண்டு என்பதால்
பேனா என் கையில்.
கருங்கல்லில் பஸ் மாறி வருகிறவள்,
ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை.

தூத்தூர் மைதானத்தில் பாதி புல், பாதி கடல்மணல்.
வலது ஓரம் முழுக்க மணல்.
அந்த ஓரம் ரெக்சனுக்கு.
"லே, அவனுக்குக் குடு."
இந்த மூன்று சொல்லைத் தாண்டி
எங்கள் கல்லூரியிடம் எந்தத் திட்டமும் இருந்ததில்லை.

முதல் வருடம் ஆட்டத்துக்கு இருபது ஓட்டம்.
அடுத்த வருடம் முப்பத்தொன்று.
மார்த்தாண்டத்துக்கு எதிராக, மழையில், நாற்பத்தாறு.
நாற்பத்தாறாவதில் விழுந்தவன்
எழுந்துகொள்ள எடுத்த நேரத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பொடியாக எழுதிவைத்தேன்:
பதினொரு வினாடி.

டார்வினுக்கும் கட்டம் இல்லை.
பந்தே இல்லாமல் நடுவில் பாய்வான்,
கரமடி மாதிரி இரண்டு பேரை வளைத்து இழுத்துக்கொண்டு போவான்,
திறந்த வழியில் ரெக்சன் ஓடுவான்,
ஜனம் ரெக்சன் பெயரைக் கத்தும்.
டார்வின் வரிசையைப் பார்த்தால் வெறும் தாள்.
பூஜ்யம் போடவும் ஒரு கட்டம் வேண்டும்.

விபின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறங்குவான்,
எதிராளிகளின் கால்கள் கஞ்சியாகக் குழைந்த பிறகு.
நான்கு முறை வாங்குவான், மூன்று முறை கடப்பான்.
என் நோட்டில் விபினின் சராசரி
விபினைவிட அழகு.
அதில் பொய் ஒன்றும் இல்லை.
வகுத்துப் பார்த்தேன், இரண்டு தடவை.

பிப்ரவரியில் ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுக்க
இரண்டு பேர் வந்தார்கள், வெள்ளைத் தொப்பி,
சாயா வேண்டாம் என்றார்கள், நோட்டைக் கேட்டார்கள்.
கோல் கட்டத்தில் விரல் நிற்கவில்லை.
முதல் கட்டத்தை மட்டும், மூன்று வருடத்துக்கும்,
போனில் கூட்டினார் ஒருவர்.
"இந்தக் கால் எவ்வளவு ஓடியிருக்கு?"

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
பழைய இஞ்சினைக் குனிந்து பார்க்கிறவர்கள்
இதைத்தான் கேட்பார்கள்: எத்தனை மணி ஓடிச்சு?
எத்தனை மீன் கொண்டுவந்தது என்று
யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ரெக்சனின் முட்டியை அழுத்திப் பார்த்தார்கள்.
கூச்சத்தில் சிரித்துவிட்டான்.
விபினை எடுத்துக்கொண்டார்கள்.
தேயாத கால், என்றார் ஒருவர்,
செருப்புக் கடையில் நிற்பவர் போல.

"நீ சரியாத்தானே எழுதியிருக்க," என்றார் பயிற்சியாளர்.
சரியாகத்தான் எழுதியிருந்தேன்.
ரெக்சனை ஓடவிட்டதும் அவர்தான்.
அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாகர்கோவிலில் கடைசி ஆட்டம்.
விபின் ஜீன்ஸ் போட்டு வந்திருந்தான்.
கையெழுத்தாகும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாதாம்,
வங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.
அவனைக் குற்றம் சொல்ல முடியாது;
அப்பாவின் வள்ளக் கடன் ஊருக்கே தெரியும்.
தண்ணீர் பாட்டிலை எல்லோருக்கும் அவனே எறிந்தான்.

தொண்ணூறு நிமிடமும் ரெக்சன்.
லே, அவனுக்குக் குடு.
லே, அவனுக்குக் குடு.
முப்பதுக்கு மேல் என் கோடுகள் சாய்ந்துகிடந்தன,
ஐந்தைந்தாகக் கட்டவும் மறந்துபோனேன்.
தோற்றோம், ஒன்றுக்கு இரண்டு.

பஸ்ஸில் என் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான்,
முட்டியில் ஐஸ் கட்டிய துவர்த்து,
"நோட்டைத் தா பிள்ளே."
கொடுக்கப் பயந்தேன்.
கூட்டலைப் பார்க்கவில்லை.
பழைய பக்கங்களைப் புரட்டி, மார்த்தாண்டத்தில் நின்றான்,
ஓரத்து எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்,

"பதினொண்ணுதானா?
நான் அங்க
ரொம்ப நேரம் கெடந்தேன்லா."